இலையில் வைத்த கேமரா

எங்கள் வீட்டில் ஒரு டப்பாவை மட்டும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் நான் கத்துவேன். நான் கத்தினால் எதிர்வீட்டுச் சீனர் கேட் வரைக்கும் வந்து எட்டிப் பார்ப்பார். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. வெட்கப்பட்டும் சொல்லவில்லை.

அந்த டப்பா முறுக்குக்காகச் செய்யப்பட்டது. தீபாவளி நெருங்கினால் ஈப்போவில் எந்தப் பிளாஸ்டிக் கடைக்குப் போனாலும் கூரைவரை அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கும். நான்கு பக்கமும் கொக்கி போட்டு அமுக்கினால் காற்றுகூட நுழையாது. இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை வாங்கிவந்து, அடியில் மெத்தென்று துணி விரித்து, என் கேமராவையும் அதன் நீள லென்ஸையும் குடிவைத்தேன். புதுச் சப்பாத்துப் பெட்டி, மாத்திரைப் போத்தல், கடற்பாசிப் பொட்டலம் என்று எதைத் திறந்தாலும் உள்ளே கிடக்குமே, ஈரம் உறிஞ்சும் குட்டிப் பைகள், அவற்றையெல்லாம் சேர்த்து மூலைக்கு மூலை செருகினேன். நான் கணக்கு எழுதும் கிளினிக்கில் மருந்து டப்பாக்களோடு வரும் பைகளையும் விட்டுவைக்கவில்லை. ஈரத்தின் அளவைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் உள்ளே வைத்தேன். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். முள் இறங்கியிருந்தால் அன்றைக்கு முழுக்க எனக்கு நல்ல நாள்.

"முறுக்கு வைக்கிற டப்பாவுல பொம்மைய வச்சிப் பூட்டியிருக்கா" என்று அத்தை பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வது எனக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் அவரும் சொல்வார். அத்தை என் கணவரின் அம்மா. நாங்கள் மூவரும்தான் வீட்டில்.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் தாமான் குடியிருப்புக்கு ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் கட்டிய வீடுகள். பின்னால் சுண்ணாம்பு மலை. அதன் மறுபக்கத்தை உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். அந்தத் தூசி அடங்குவதற்குள் சாயங்கால மழை பிடித்துக்கொள்ளும். இவை இரண்டும் போதாதென்று பூனை வேறு. என் கணவர் அறையைக் குளிர்விக்கும் ஏர்கோன்களைப் பழுதுபார்க்கிறவர். தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு வீட்டில் வேலை முடித்து வந்தவருடைய கருவிப் பைக்குள் சுருண்டு படுத்தபடி இந்த மஞ்சள் பூனை வந்து சேர்ந்தது. "ரெண்டு நாள்ல போயிடும்லா" என்றார். அது போகவில்லை. என் தலையணையில் படுத்துக்கொண்டு, எழுப்பினால் என்னையே முறைக்கிறது.

முதலில் எனக்கு இந்த ஆபத்து எதுவும் தெரியாது. கமுந்திங்கில் ஒருவர் தன் கேமராவை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய் வாங்கிவந்தபோது, கூடவே சின்ன லென்ஸ் ஒன்றும் கொடுத்தார். அதை அலமாரியில் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். பட்டுக்கு ஏற்ற இடம் லென்ஸுக்கு ஆகாமல் போகுமா என்ற எண்ணம். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் வெள்ளை வெள்ளையாக வேர்விட்டு ஏதோ வளர்ந்திருந்தது. பூஞ்சை! பழைய டவுனில் பழுதுபார்க்கும் கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து கணவரின் வேனில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்தது வானம். மலைக்கு மேலே நீலமாக விரிந்த வானத்தைப் படம் எடுத்திருந்தேன். அதில் நெளிந்து நெளிந்து ஒரு கோடு. பட்டத்தின் நூல் என்று நினைத்து எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே நூல். அதற்கடுத்த படம் வீட்டுக்குள் எடுத்தது, அதிலும் நூல்! கேமராவின் வயிற்றுக்குள் எங்கள் பூனையின் முடி. அன்றைக்குத்தான் கடைக்கு ஓடிப்போய் அந்த டப்பாவை வாங்கினேன்.

கணவர் என்னைக் கேலி செய்தாலும், ஈரம் என்றால் என்னவென்று தெரிந்த மனிதர். "ஏர்கோன் ரூம்ல இருந்து நேரா வெளிய கொண்டு போவாத, வேர்த்துடும். டப்பாவோட தூக்கிட்டுப் போய்க் கொஞ்ச நேரம் வச்சிட்டு அப்புறமா தொற" என்று சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவருக்கும் அது என் ஆசைச் சாமான்தான். வேலைச் சாமான் இல்லை. எனக்கோ அது வேலையாக வேண்டும். இந்த வீட்டில் ஒருவராவது அதை வேலை என்று சொல்ல வேண்டும். அதற்காக உள்ளுக்குள் நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

அதைச் சொல்லவேண்டியவர் அத்தைதான். ஏனென்றால் ஆயுத பூசைக்கு அவர் வைத்திருக்கும் சட்டம் அப்படி. சோறு போடுகிற சாமான் மட்டும்தான் வாழை இலைக்கு வரும். ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய காலத்தில் அவருடைய வெட்டுக்கத்தி இலையில் இருந்ததாம். பிறகு பள்ளிக்கூட வாசலில் வடை போட்டு விற்றார், வடைச் சட்டி இலைக்கு வந்தது. முழங்கால் வலியால் விற்பதை நிறுத்திய வருடம், யாரும் சொல்லாமலே அந்தச் சட்டியை அவரே கொண்டுபோய் அடுப்படியில் மாட்டிவிட்டார். இப்போது இலையில் என் கணவரின் ஸ்பேனர்களும் டிரில்லும் இருக்கும். ஓரத்தில் என் கிளினிக் கால்குலேட்டர் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

போன வருடம் கேட்டுப் பார்த்தேன். "அத்தே, கேமராவையும் வைக்கலாமா?"

"அது சோறு போடுதா?"

"இல்ல, அத்தே."

"அப்ப டப்பாவுலயே இருக்கட்டும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

இந்த வருடம் புரட்டாசியில் ஒரு நாள், பாகான் செராயிலிருந்து ஒரு கார் வந்து எங்கள் வாசலில் நின்றது. கிளினிக்கில் என்னோடு வேலை செய்கிறவளின் சித்தப்பாவும் சித்தியும். அவளுடைய குழந்தையின் பிறந்தநாளுக்கு நான் சும்மா எடுத்துக்கொடுத்த படங்களைப் பார்த்திருக்கிறார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை, அதன்மேல் ஓர் உறை.

"தங்கச்சி, ஐப்பசி பொறந்ததும் மொத முகூர்த்தம் நம்ம வீட்டுல. படம் நீங்கதான் புடிச்சுக் குடுக்கணும்" என்று அந்தச் சித்தப்பா தட்டை நீட்டினார்.

நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்! அவர்கள் கார் முனை திரும்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக நின்றேன். திரும்பியதும் அடுப்படிக்குள் ஓடிப்போய்க் குதித்தேன். தட்டு ஒன்று கீழே விழுந்தது, பூனை அலறிக்கொண்டு ஜன்னலில் ஏறியது. அத்தை அந்த வெற்றிலை பாக்கை எடுத்துச் சாமிமேடையில் வைத்தார்.

ஆயுத பூசை அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. வேலை முடிந்து மழையில் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே சாம்பிராணி மணம். உள்ளே கால் வைத்ததும் என் கண் தானாக டப்பாவைத் தேடியது. நான்கு கொக்கியும் திறந்து, மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். உள்ளே வெறும் துணி.

"யாரு இதத் தொறந்தது?" என்று நான் போட்ட சத்தத்தில், அந்த மழையிலும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"நான்தான்" என்றார் அத்தை, சாமிமேடைக்கு முன்னாலிருந்து.

அங்கே இலை விரித்திருந்தது. ஸ்பேனர்களுக்கும் டிரில்லுக்கும் நடுவில், கால்குலேட்டரை ஓரங்கட்டிவிட்டு, என் கேமரா. நீள லென்ஸ் மாட்டியபடியே இருந்தது. லென்ஸின் உடம்பில் மூன்று பட்டையாக விபூதி. முகத்துக்கு நேர் நடுவில், அளவெடுத்து வைத்ததுபோல் சந்தனமும் குங்குமமும். பக்கத்தில் சாம்பிராணிச் சட்டி புகைந்துகொண்டிருக்கிறது. திறந்த ஜன்னல் வழியாகச் சாரல். இலை ஓரத்தில் பூனை, வாலால் என் கேமராவைத் தடவிக்கொண்டு! எதையெல்லாம் அண்டவிடாமல் காத்தேனோ அத்தனையும் ஒன்றாகக் கூடிவிட்டன.

பாய்ந்தேன். அத்தை கையை நீட்டி மறித்தார். "எடுக்காத. இலையில வச்ச சாமான விடியறதுக்குள்ள தொடக்கூடாது."

"அத்தே, பொடி உள்ள போனா லென்ஸ் போச்சு! கல்யாணம் வருது, என்கிட்ட வேற லென்ஸ் இல்ல!"

"வெத்தல பாக்கு வச்சுத்தானே உன்னைக் கூப்பிட்டாங்க? நான் பாத்தேன்ல. அப்ப அது சோறு போடற சாமான். சோறு போடற சாமான் எங்க இருக்கணும்?"

என் கை பாதியிலேயே நின்றது. கணவர் கதவோரம் நின்று என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஒரே நேரத்தில் கத்தவும் தோன்றியது, அத்தையைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. கேமராவை இப்போது எடுத்துவிட்டால் அது பொம்மைதான் என்று நானே சொன்னதாகிவிடும். எடுக்காமல் விட்டால், கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போகவேண்டியிருக்கும். எத்தனை நாள் ஏங்கியிருப்பேன் அந்த இலையில் ஓர் இடத்துக்கு! கிடைத்தபோது இப்படியா கிடைக்க வேண்டும்?

டப்பா கண்ணில் பட்டது.

முதலில் பூனையைத் தூக்கி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். ஜன்னலை மூடினேன். டப்பாவை நன்றாகத் துடைத்து, தலைகீழாகத் திருப்பி, இலையில் இருந்த கேமராவின்மேல் அப்படியே கவிழ்த்தேன். விளிம்பை லேசாகத் தூக்கி, ஈரம் உறிஞ்சும் பைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். கேமராவை விரல்கூடத் தொடவில்லை.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "என்ன வேலை இது?"

"நான் எடுக்கலயே, அத்தே."

கணவர் கதவோரத்திலிருந்து குரல் கொடுத்தார். "சாமான் இலையிலதான்மா இருக்கு."

அத்தை சூடத்தட்டை எடுத்து, டப்பாவைச் சுற்றிக் காட்டினார். முடித்துவிட்டு டப்பாவுக்கும் ஒரு பொட்டு வைத்தார். நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார்.

மறுநாள் விடிந்ததும் அவர் மறுபடியும் சூடம் காட்டி, "இனி எடுத்துக்கலாம்" என்றதுதான் தாமதம், பறந்துபோய் எடுத்தேன். சந்தனமும் குங்குமமும் லென்ஸின் முகத்தில் நான் மாட்டியிருந்த காப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தன. திருகிக் கழற்றினால் உள்கண்ணாடி சுத்தம்! ஆனால் படத்தைக் கிட்டத்தில் இழுக்கத் திருப்பும் வளையத்தின் இடுக்கில் விபூதி இறங்கியிருந்தது. திருப்பினால் கரகரவென்றது. கணவர் ஏர்கோன் கழுவும் காற்றடிப்பானைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒரே ஊது, சரியாயிடும்" என்றார்.

"அந்த வேகத்துல ஊதுனா எல்லாம் உள்ளதான் போவும், தள்ளுங்க!"

தூரிகையால் நானே இடுக்கைத் தட்டித் தட்டி எடுத்தேன். தலைகீழாகப் பிடித்து, கையால் அமுக்கும் ரப்பர் ஊதியால் மெல்ல ஊதினேன். திருப்பினேன், கரகர. மறுபடி தூரிகை, மறுபடி ஊதல். கடைசியில் வளையம் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

படம் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். இலையை மடித்துக்கொண்டிருந்த அத்தையின் பக்கம் கேமராவைத் திருப்பினேன். யாராவது கைபேசியைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவர் அவர். "இரு" என்று கையைக் காட்டிவிட்டு அறைக்குள் போனார். சரி, மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன்.

நல்ல சேலை கட்டி, தலை வாரி, பூ வைத்துக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, ஒரு நோட்டை உருவி, வெற்றிலையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"என்ன அத்தே இது?"

"போணி. இன்னைக்கு விஜயதசமில்ல? வடை விக்கையில மொத ஆளுகிட்டக் காசு வாங்காம நான் யாருக்கும் சும்மா குடுத்ததில்ல. நீயும் சும்மா எடுக்காத. சும்மா எடுத்தா வெளையாட்டு. இது வேலை."

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கேமராவைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. ஐயோ, ஈரம் இறங்கிவிட்டதே! பதறிப்போய்த் துணியால் லென்ஸைத் துடைத்தேன், மறுபடி பார்த்தேன், இன்னும் மங்கல்.

"லென்ஸுல ஒன்னும் இல்ல" என்றார் பக்கத்தில் நின்ற கணவர். "கண்ணத் தொடச்சிக்க."