தட்டிவிட்டுத் திறப்பவர்

மாலை நாலேகாலுக்கு மர பீரோவின் கதவு சிக்கிக்கொண்டது. உள்ளே என் மகள் இருந்தாள். அவள் பாட்டை எதிரொலி இல்லாமல் பதிவு செய்வதற்காக, பாப்பாரப்பட்டியில் மலிவாக வாங்கிய அந்தப் பழைய பீரோவுக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தோம். எவ்வளவு இழுத்தும் கதவு வரவில்லை. அவள் அழுதாள், நானும் அழுதேன். விற்றவருக்குப் போன் செய்தேன்.

அவருக்கு நரைத்த மீசை, கழுத்தில் ஈரத்துண்டு. கடையில் காலிப் பெட்டியானாலும் இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் திறப்பார். "உள்ள யாராச்சும் இருந்தா சொல்லிட்டுத் தொறக்கணுமில்லீங்க?" என்பார்.

மகள் இப்போது வளர்ந்து சென்னையில் இருக்கிறாள். பீரோவில் துணி எடுக்கும்போது நானும் தட்டுகிறேன்.

அன்று வந்ததும் அவர் கதவைத் தட்டினார். "பாப்பா, உள்ள வரலாமுங்களா?"

உள்ளே அழுகை நின்று சிரிப்பு கேட்டது. என் பக்கம் திரும்பினார்.

"புள்ள சிரிக்குது. நீங்களும் அழுவறத நிறுத்துங்கம்மா, கீலக் கழட்டிடறேன்."