குஞ்சென்று நினைத்து விட்டது

அண்ணன் வளைகுடாவில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. எங்களுக்குள் பேச்சு என்றால் போனில் ஆடும், ஊர் சுற்றிப் பிராணி பிடிக்கிற விளையாட்டைப் பற்றித்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆடுகிறோம்.

அந்தக் காலத்துப் பிராணிகளைப் பார்த்தவுடன் தெரியும். நண்டு நண்டாகவே இருக்கும். குஞ்சு பொடிசாக இருக்கும், வளர்ந்தால் கொடுக்கு, பல், முறைப்பு என்று வந்து நிற்கும். அப்புறம் புதிது புதிதாக இறக்கினார்கள். சாவிக்கொத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் கண் வைத்து அதுவும் பிராணி என்றார்கள். இப்போது எல்லாமே கொழுகொழு பொம்மை. எது குட்டி, எது கிழடு, யார் கண்டது? முன்னாடி மிருகத்தைப் பார்த்து வரைந்தவன் இப்போது பொம்மைக் கடையைப் பார்த்து வரைகிறான் என்பான் அண்ணன். அலுத்துக்கொண்டே ஆடினோம்.

போன மாதம் அவன் போன் உப்புத் தண்ணீர் பட்டு, இன்றோ நாளையோ என்றிருந்தது. தன்னிடமிருந்ததை எல்லாம் எனக்கு மாற்றி அனுப்பினான். அதில் ஒன்று ஆறு மாதம் துறைமுகத்தில் அலைந்து பிடித்த அபூர்வம்.

"நான் வர்ற வரைக்கும் பத்திரமா வச்சிரு பாப்பா" என்றான்.

சரி என்றேன். எதையும் திறந்து பார்க்கவில்லை. பொன்னேரி துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவளுக்கு எதைத்தான் பார்க்கத் தோன்றும்?

இரண்டு நாள் கழித்து, ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், விளையாட்டில் பிராணிகளுக்கு இடம் நிறைந்துவிட்டது என்று போன் காட்டியது. பொடிசுகளாகப் பார்த்து விடுவித்தேன். வலையில் வரும் குஞ்சு நண்டை அங்கேயே ஏரியில் விட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். நைனா பழக்கிய கை, யோசிக்காமல் செய்துவிட்டது. அந்தப் பொடிசுகளில்தான் அண்ணனின் அந்த அபூர்வமும் இருந்தது. அந்தக் குட்டிப் பொம்மைதான் அதன் முழு வளர்ச்சியாம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளியின் போனிலிருந்து கூப்பிட்டு, முதலில் அதைத்தான் கேட்டான். சொல்லிவிட்டேன். குஞ்சென்று நினைத்தேன் அண்ணா என்றேன்.

"ஏரில வுட்டா வளந்து எப்பனா நம்ம வலைக்கே வரும். இதுல வுட்டா எங்க போயி தேடறது?" என்றான்.

திட்டியிருந்தால் தேவலாம்.

புதுப் போன் வாங்கிவிட்டான். அதில் அந்த விளையாட்டை ஏற்றவில்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான், அம்மாவிடம் சாப்பாடு, காற்று, மழை எல்லாம் விசாரிக்கிறான். நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். போனை என்னிடம் கொடுக்கச் சொல்வதில்லை.