காத்தவராயனின் புழுப்பெட்டி

"உப்பு பட்டுகீதா?" என்று கேட்டுக்கொண்டே மேசைக்கு மேசை தகர முறத்தை நீட்டுகிறார் காத்தவராயன். ஆரணியில் அந்தப் பட்டு நெசவாளர் சங்க ஆபீசில், சாப்பாட்டு வேளை முடிந்தால் இது தினப்படி. வாழைப்பழத் தோல் விழலாம், டீத்தூள் விழலாம். ஊறுகாய் ஒட்டிய இலைத் துண்டு விழுந்ததோ, போச்சு! போட்டவர் கையாலேயே பொறுக்க வைப்பார்.

எல்லாம் பின்வாசல் நிழலில் இருக்கும் மண்புழுப் பெட்டிக்குத்தான். போன வருஷம், எண்பத்தாறில், மகள் கல்யாணப் புடவை எடுக்க வந்த போளூர் விவசாய அதிகாரி ஒருவர் புழு எருவைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னார். மற்றவர்கள் புடவையைப் பார்த்தார்கள். பெருக்கிக்கொண்டிருந்த காத்தவராயன் காது கொடுத்தார். நூல் வந்த மரப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டார். கலசப்பாக்கத்தில் மாமியார் வீட்டு எருக்குழியிலிருந்து புழுக்களைப் பானையில் எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். "நாத்தம் வந்துதுன்னா தூக்கிக் கடாசிடுவேன்" என்றார் மேனேஜர் தசரதன். நாற்றம் வரவில்லை. பதினாறு வருஷமாக அடுத்தவர் குப்பையை அள்ளியவருக்கு, அந்த ஆபீசில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்று வாய்த்தது. அப்போதெல்லாம் காலையில் மூடியைத் திறந்து, "இன்னா, துன்னீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் விளக்குமாற்றைத் தொடுவார்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. தராசுக்கும் டைப்ரைட்டருக்கும் பொட்டு வைத்தார்கள். "இதுங்களும் வேலை செஞ்சிகினுதானே கீது" என்று இவர் பெட்டிக்கும் வைத்தார். அதோடு விட்டாரா மனுஷர்! குங்குமம் தடவிய எலுமிச்சை, உடைத்த பூசணி, மிச்சச் சுண்டல் எல்லாவற்றையும் அன்போடு உள்ளே போட்டு மூடினார். இரண்டு நாள் லீவு. திரும்பி வந்து திறந்தபோது, மூடியின் அடிப்பக்கம் புழுக்கள் கொத்துக் கொத்தாக ஏறிக் காய்ந்து கிடந்தன.

"உப்பும் புளிப்பும் ஆவாதுன்னு அந்த போளூர் சார் அன்னிக்கே சொன்னாருங்க" என்று தசரதனிடம் அழுதார். "சாமிக்கு வச்சதாச்சே, அது இன்னா பண்ணப்போவுதுன்னு போட்டுட்டேன். பாவம், தப்பிக்க மூடி வரிக்கும் வந்துகீது. பெருச்சாளி வருமேன்னு அது மேல கல்ல வச்சதும் நான்தாங்க."

தசரதன் திட்டவில்லை; வேறு புழு கொண்டுவரச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது காத்தவராயனுக்கு. புதுப் புழுக்கள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன. அவற்றோடு அவர் பேசுவதில்லை.

இந்த வருஷ ஆயுத பூஜையில் கணக்கர் எல்லப்பன் குங்குமத் தட்டோடு பின்வாசலுக்கும் வந்துவிட்டார். அவர் விரல் பெட்டியை நோக்கிப் போனது. காத்தவராயன் சட்டென்று குறுக்கே மண்டியிட்டு, இரண்டு கையாலும் மூடியைப் பொத்திக்கொண்டு, தன் நெற்றியை நீட்டினார்.