அரை மணி நேரத்து ரப்பர் வாசனை

சித்தப்பாவுக்கு மூக்கு செத்துப்போய்ப் பதினோரு வருஷம் இருக்கும். அது எந்த நாள் என்று அவருக்கே தெரியாது. கண் போனால் நமக்கே தெரிந்துவிடும். காது போனால் பக்கத்தில் இருப்பவர்கள் கத்திக் கத்திச் சொல்லிவிடுவார்கள். மூக்கு போனதை, அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகையாக இருக்க, இரண்டடி தள்ளி உட்கார்ந்து அவர் நிதானமாக நகம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் சித்தி கண்டுபிடித்தாள்.

"ஏங்க, மூக்குக்குக் கதவு போட்டுத் தாழ்ப்பாள் வச்சிருக்கீங்களா?"

"எதுக்கு?"

"பால் தீயுது!"

"ஓ, அதான் கண்ணு எரியுதா. நான் நீ ஏதோ திட்டப் போறேன்னு நினைச்சேன்."

செருப்புத் தொழிற்சாலையில் ஒட்டும் பிரிவில் இருபத்தாறு வருஷம் நின்றவர் அவர். ரப்பர் அடிப்பாகத்தையும் மேல் தோலையும் சேர்க்கிற பசையை அங்கே எல்லோரும் சொல்யூஷன் என்றுதான் சொல்வார்கள். தகர டப்பாவில் தேன் நிறத்தில் இருக்கும். பிரஷ்ஷால் பூசியவுடன் ஒட்டிவிடக் கூடாது. ஈரம் பறந்து, விரல் வைத்தால் நூல் இழுக்கிற பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். ஆரம்பத்தில் அந்தப் பதத்தைச் சித்தப்பா மூக்காலேயே சொல்வாராம். காட்டம் குறைந்து ஒரு இனிப்பு வாடை எழுந்தால் ஒட்டலாம் என்று அர்த்தம். மூக்கு போன பிறகு விரலால் பார்த்துக்கொண்டார். சூப்பர்வைசருக்கு வித்தியாசம் தெரியவில்லை. செருப்பும் பிரிந்து வரவில்லை.

அவருக்குத் தெரியாத அந்த நாற்றம் மற்ற எல்லோருக்கும் தெரிந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் கடைசியில்தான் நிறையும். வீட்டு வாசலுக்கு வெளியே சுவரில் ஒரு ஆணி அவருடைய வேலைச் சட்டைக்கென்றே உண்டு. ஆறு மணிக்கு அவர் தெருமுனை திரும்பும்போதே சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகே வந்து நிற்பாள்.

"நேரா குளிக்கப் போங்க. கம்பெனியையே தோள்ல தூக்கிட்டு வந்திருக்கீங்க."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவர் குளியலறைக்குப் போவார். இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் மாலை இப்படித்தான் தொடங்கியது.

நான் அவருடைய அண்ணன் மகன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஊரிலிருந்து வந்து மூன்று வருஷம் அவர் வீட்டுக் கூடத்தில் படுத்து எழுந்துதான் வேதியியலில் பட்டம் வாங்கினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் பெருமைதான். சித்தப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டிகிரி" என்பார். "டிகிரி, அந்த பக்கெட்டை எடு." "டிகிரி தூங்குது, ரேடியோவைக் குறை."

அந்த டிகிரி என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒரு பெரிய வாசனைத் திரவியக் கடை. கண்ணாடி அலமாரிகள், வழுவழு தரை, முகர்ந்து பார்க்கக் காகிதக் கீற்றுகள். பூ, பழம், சந்தனம் எல்லாம் வாசல் பக்கம். உள்ளே, கறுப்பு அலமாரியில், வேறு ஒரு வரிசை இருந்தது. மழை பெய்த தார் ரோடு. சூடேறிய இரும்பு. அச்சு மை. அதில் ஒரு பாட்டில், முகர்ந்த முதல் நாளே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அசல் சித்தப்பா. ரப்பர், சொல்யூஷன், அடியில் கொஞ்சம் பெட்ரோல். அதன் விலைக்குச் சித்தப்பா மூன்று மாதம் பசை பூச வேண்டும்.

அதை வாங்குகிறவர்கள் மணிக்கட்டில் அடித்துக்கொண்டு கண்ணை மூடுவார்கள். ஒருவர், "இதுல ஒரு நேர்மை இருக்கு" என்றார். நான் தலையாட்டினேன், தலையாட்டத்தான் சம்பளம்.

சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டு வேலைக்கு வந்த ஒரு நாள், என் வாடகை அறைச் சாவியை அங்கேயே விட்டு வந்துவிட்டேன். காலையிலேயே அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட சித்தப்பா வேலை முடிந்து நேராகக் கடைக்கே கொண்டு வந்தார், சட்டையில் பசைத் திட்டுகளோடு. மேனேஜர் முகம் சுளிப்பதற்குள், கறுப்பு அலமாரியருகே நின்ற ஒரு கண்ணாடிக்காரர் சடாரென்று திரும்பினார்.

"எக்ஸ்கியூஸ் மீ, சார் போட்டிருக்கிறது எந்த பாட்டில்?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அந்த பாட்டிலை எடுத்து நீட்டினேன். கண்ணாடிக்காரர் முகர்ந்தார், சித்தப்பா பக்கம் குனிந்து இன்னொரு முறை முகர்ந்தார்.

"சார்மேல இன்னும் ஆழமா இருக்கே!"

"ரொம்ப வருஷமா போடுறேங்க" என்றார் சித்தப்பா.

பாட்டில் விற்றது. அன்றைக்கு வீடு திரும்பும் வழி முழுக்கச் சித்தப்பா சிரித்தார். "உங்க சித்தி இத்தனை வருஷமா ஓசியில அனுபவிச்சிருக்கா. கைல காசு கொடுக்கச் சொல்லு."

அதற்கு அடுத்த வருஷம் ஒட்டும் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஒரே அழுத்தில் அடிப்பாகத்தை வார்த்துவிடும் இயந்திரம் வந்துவிட்டது. பிரிவில் இருந்த நாற்பது பேருக்கும் ஒரே நாளில் கடிதம். அன்று மாலை சித்தப்பா வீட்டுக்குப் போகாமல் என் அறைக்கு வந்தார்.

"டிகிரி, சித்திக்குத் தெரியக் கூடாது."

ஏன் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. சித்தி ஒன்பது வருஷம் ஒரு பெரிய சலவைக் கூடத்தில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைப் பிளீச்சிங் தொட்டியில் முக்கி எடுக்கிற வேலை பார்த்தவள். அந்த ஆவி அவள் நுரையீரலைத் தின்றுவிட்டது. படியேறினால் விசில் அடிக்கும் மூச்சு. இன்னும் ஒரு வருஷம் அங்கே நின்றால் ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே, "எனக்குச் சம்பளம் வருதில்ல? நீ வீட்ல உட்காரு" என்று சித்தப்பா அவளை நிறுத்தியிருந்தார். அந்தச் சம்பளம் இல்லை என்று தெரிந்த மறுநாள் காலை அவள் தொட்டியருகே நிற்பாள். அவள் பிடிவாதம் எங்கள் குடும்பம் அறிந்தது.

"வேற வேலை கிடைக்கிற வரைக்கும்தான். ஒரு மாசம், ரெண்டு மாசம்" என்றார். "காலையில வழக்கம்போல கிளம்பிடுவேன், சாயங்காலம் வருவேன். ஆனா அவ மூக்கு இருக்கே, அது போலீஸ் மூக்கு. நாத்தம் இல்லாம எப்படி வீட்டுக்குள்ள போறது?"

கடையில் மாதிரிக்கு வைக்கிற பாட்டில்கள் பாதிக்கு வந்தால் கொட்டிவிட்டுப் புதியது வைப்பது வழக்கம். அப்படி அந்த ரப்பர் வாசனைப் பாட்டில் ஒன்றைக் கொட்டாமல் பையில் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரத்துக்குத்தான் ரப்பர் நிற்கும், அப்புறம் அடியிலிருந்து வேறு வாசனை கிளம்பும் என்று விளக்கினேன்.

"அரை மணி எதுக்கு? வாசல்ல அஞ்சு நிமிஷம். அப்புறம் குளியல்" என்றார் சித்தப்பா. தெருமுனை மின்கம்பத்தடியில் நின்று கழுத்தில் இரண்டு, மார்பில் இரண்டு என்று அடித்துக்கொண்டு முதல் நாள் வீட்டுக்குப் போனார். மறுநாள் போனில் அவர் குரலில் துள்ளல்.

"மூக்கைப் பொத்திக்கிட்டாடா! கம்பெனியத் தூக்கிட்டு வந்துட்டேன்னு திட்டினா. ஒரு மார்க் குறையாம பாஸ்."

இரண்டு மாதம் ஏழு மாதமானது. கணக்கு முடித்துக் கொடுத்த தொகையை உடைத்து உடைத்துச் சம்பளம் என்று வீட்டில் கொடுத்தார். பகலெல்லாம் வேலை கேட்டு அலைந்தார். ஐம்பத்து மூன்று வயது என்றதும் பாதி இடங்களில் உட்காரவே சொல்லவில்லை. ஒரு கேஸ் சிலிண்டர் குடோனில் மட்டும் காவல் வேலைக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு சின்ன சோதனை: ஒரு சிலிண்டரின் மூடியை லேசாகத் திறந்து, "கசியுதா?" என்று கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா கண்ணை மூடி, மூச்சை இழுத்து, நம்பிக்கையோடு, "இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்றவன் இருமிக்கொண்டே அவரை வெளியே அனுப்பினானாம்.

"பாதி பாதி சான்ஸ்தானேடா" என்றார் என்னிடம். "கசியுதுன்னு சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பிறகு அவர் வேலை கேட்பதை மெல்ல விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். பஸ் நிலையத்து பெஞ்சில், ரயில் பாலத்தடியில், ஆஸ்பத்திரி காத்திருப்பு அறையில் எட்டு மணி நேரத்தைக் கரைக்கக் கற்றுக்கொண்டார். எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் காவலாளி எழுப்புவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தொழிற்சாலைக்குத் தாமதமாகப் போகாதவர் அந்த பெஞ்சுக்கும் தாமதமாகப் போகவில்லை.

ஒரு வார நாள் எனக்கு விடுமுறை. மாலை நான்கரைக்கு சித்தி வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. ஐந்து மணிக்குத் தெருவில் அவள் வந்தாள், சுவரைப் பிடித்து நின்று நின்று. என்னைப் பார்த்ததும் பையைப் பின்னால் மறைத்தாள்.

"கடைக்குப் போயிருந்தேன். வா, தண்ணி குடி."

தம்ளரை வாயருகே கொண்டுபோனேன். விளிம்பில் அவள் விரல் பட்ட இடத்தில் வந்தது அது. மூன்று வருஷம் ஆய்வகத்தில் நின்றவனுக்கு அது சந்தேகத்துக்கு இடமில்லாத வாசனை. குளோரின். சோப்புப் போட்டாலும் தோலை விடாது.

"சித்தி, எப்போலேர்ந்து?"

அவள் படியில் உட்கார்ந்து மூச்சு சமனாகும்வரை காத்திருந்தாள்.

"நாலு மாசம். தொட்டிப் பக்கம்தான் ஆள் தேவைப்பட்டுச்சு."

"சித்தப்பா வேலை போனது..."

"முதல் நாளே தெரியும். நீ குடுத்த சீசாதானே? வாசல்ல நின்னப்ப நானும் ஏமாந்துதான் போனேன். ராத்திரி துவைக்கலாம்னு ஆணியிலேருந்து சட்டையை எடுத்தேன், பூ வாசம் அடிக்குது. கம்பெனி நாத்தம் ரெண்டு தண்ணியில அலசினாலும் போகாதுடா. தலையணையில இருக்கும், சீப்புல இருக்கும், சாப்பாட்டு டப்பா மூடியில இருக்கும். ஒரு ராத்திரியில பூவாகிற ரப்பரை நான் எங்க பார்த்தேன்?" கொஞ்சம் சிரித்தாள். "ஒரு நிமிஷம் எவளோ ஒருத்தின்னுகூட நினைச்சேன். அப்புறம் இந்த மூஞ்சிக்கு எவ வருவான்னு விட்டுட்டேன். பொழுது விடிஞ்சதும் கம்பெனி கேட்ல போய் விசாரிச்சேன்."

"நீங்க ஏன் அவர்கிட்ட கேக்கல?"

"கேட்டா? என்னை உட்காருன்னுவார். அவரும் உட்காருவார். ரெண்டு பேரும் எதிரெதிர உட்கார்ந்து சுவத்தைப் பார்க்கவா?"

"டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லையா? நான் சித்தப்பாகிட்ட சொல்லத்தான் போறேன்."

"சொல்லு. டிகிரி படிச்சவன் நீ. எனக்குப் பதிலா என்ன வழின்னும் சேர்த்துச் சொல்லு."

என் சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகிறது, மீதி அறை வாடகைக்கு. தருகிறேன் என்று வாய் திறந்தேன். எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. என் முகமே சொல்லியிருக்க வேண்டும்.

"மூக்கு செத்ததுல ஒரு நல்லது பாரு" என்றாள் சித்தி. "நான் ஒரு சொட்டு சென்ட் வாங்க வேண்டியதில்ல. அப்படியே வந்து அவர் பக்கத்துல படுத்துக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த சீசாவை மட்டும் நிறுத்திடாத. ஒரு நாள் அது இல்லன்னா மனுஷன் வீட்டு வாசலுக்கே வர மாட்டார்."

"அது தீர்ந்துபோச்சு சித்தி. அந்த வரிசையையே சென்ட் கம்பெனியில நிறுத்திட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, இனிமே கிடைக்காது."

"தண்ணியை ஊத்திக் குடு."

"சித்தி!"

"அவருக்கு என்ன தெரியப் போகுது? புஸ்ஸுனு அடிச்சா போதும், ஈரம் பட்டா போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் மூன்று மாதமாக நடக்கிறது. நான் காலி பாட்டிலில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, மூடியைத் துடைத்து, புதியது போல் சித்தப்பா கையில் கொடுக்கிறேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நாலாயிரம் பேருக்குச் செருப்பு ஒட்டலாம் இதுல" என்கிறார். எடுக்கும்போது ஒவ்வொரு முறையும், "இதனால உன் வேலைக்கு எதுவும் வந்துடாதே?" என்று கேட்கிறார்.

போன வாரம் நான் அங்கே இருந்தேன். ஆறு மணிக்கு அவர் மின்கம்பத்தடியில் நிற்பது தெரிந்தது. கழுத்தில் இரண்டு, மார்பில் இரண்டு. சித்தி படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் தரையை ஊன்றி எழுந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டாள். அவர் நெருங்கியதும் முந்தானையை மூக்குக்கு எடுத்தாள்.

"அய்யய்யோ, நேரா குளிக்கப் போங்க. இன்னைக்கு ரெண்டு கம்பெனியைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

"ஆர்டர் ஜாஸ்தி" என்றார் சித்தப்பா. அவளைத் தாண்டும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவளுக்கு அரை அடி பக்கத்தில்தான் போனார். தெருவுக்கே தெரிகிற அளவுக்கு அவள்மேல் பிளீச்சிங் வாடை வீசிக்கொண்டிருந்தது.

குளியலறையில் குவளைச் சத்தம் தொடங்கியது. சித்தி அதற்காகவே காத்திருந்ததுபோல் இரும ஆரம்பித்தாள். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டும் நிற்கவில்லை. நான் முதுகைத் தடவினேன். கைக்கு எலும்புதான் பட்டது.

"என்னடி இது, இருமல் விட்டபாடில்லை?" உள்ளேயிருந்து சித்தப்பா சத்தம் போட்டார். "நாள் பூரா வீட்லதானே இருக்க? வெந்நி வச்சுக் குடிக்கறதுதானே?"

"குடிக்கிறேங்க" என்றாள் சித்தி, இரண்டு மூச்சில்.

வெளியே ஆணியில் சட்டை தொங்கியது. கழுத்துப் பட்டையில் காசு அகலத்துக்கு இரண்டு ஈர வட்டம். அவர் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் காய்ந்துவிட்டது.