கிண்ணமாகிப்போன பாட்டு

என் மாமாவுக்கு எதைப் பார்த்தாலும் அச்சில் போட்டு அழுத்திப் பார்க்கத் தோன்றும். அம்மாவின் தம்பி அவர். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு பொம்மைக் கொட்டகையில் வேலை. கூழாகக் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து, பிள்ளையாரும் வாத்தும் ஜாடியும் எடுப்பார். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. உருகிய மெழுகுவர்த்தி, துணி சோப்பு, ஒருமுறை அம்மா பிசைந்து வைத்த கொழுக்கட்டை மாவு என்று எல்லாமே எங்கள் வீட்டில் வாத்தாகியிருக்கின்றன. வாத்துக் கொழுக்கட்டையை நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா தொடவில்லை. மைத்துனர் வீட்டோடு இருப்பதே அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது, அதில் வாத்து வேறு.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் மாமா கரண்டில் ஓடும் ரெக்கார்டு பிளேயர் ஒன்றை வாங்கி வந்தார். அதுவரை எங்களுக்கு இருந்தது சாவி கொடுக்கும் கிராமபோன். பாட்டு முடிவதற்குள் சாவி தளர்ந்து, பாடுகிறவர் தூங்கி வழிவார். அடிக்கடி ஊசி மாற்ற வேண்டும், ஊசியோ கடைகளில் கிடைப்பதே நின்றுபோயிருந்தது. பழைய இசைத்தட்டுகள் தோசைக்கல் கனம், கீழே விழுந்தால் அப்பளம். மாமாவின் புதுத் தட்டுகளோ மெலிசாக இருந்தன, விழுந்தாலும் உடையவில்லை. பழையவற்றை ஓட்டவும் பிளேயரில் ஒரு விசை இருந்தது. யாரும் அதைத் திருப்பவில்லை. அலமாரியின் அடியில் கிடந்த அவற்றை அம்மா கரப்பான்பூச்சிக் குடித்தனம் என்றாள். அப்பா மட்டும், நாலு பேர் வந்தால் பார்ப்பார்கள், இருக்கட்டும் என்பார். வந்த நாலு பேரும் புதுப் பெட்டியைத்தான் பார்த்தார்கள்.

ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் வீட்டில் தனி மரியாதை. அது அத்தையுடையது. அப்பாவுக்கு மூத்தவள் அத்தை, பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அவளுடைய கணவர் நாடகக் கம்பெனியில் பாடிக்கொண்டிருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே, தட்டில் பாட வாய்ப்பு வந்திருக்கிறது என்று மெட்ராஸுக்குப் போனார். தட்டு வந்தது, ஆள் வரவில்லை. அந்தத் தட்டைக் காக்கிக் காகித உறையில் போட்டு, தன் தகரப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள் அத்தை. அவள் அதை ஓட்டி யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று சொல்லவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. அக்காவின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று அப்பா தாழ்ந்த குரலில் சொல்வார்.

பொங்கலுக்கு முன்பு அத்தை பெண்ணாடத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தாள். வீட்டில் வெள்ளையடிப்பு. சாமான்கள் எல்லாம் வாசலுக்கு வந்தன. தகரப் பெட்டியின் அடி துருப்பிடித்திருக்கிறதென்று அம்மா அதைக் காலி செய்து வெயிலில் கவிழ்த்தாள். புடவைகளைக் கொடியில் போட்டவள், காக்கி உறையை மற்றத் தட்டுகளோடு வைத்துவிட்டாள்.

மாமா அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அது கிண்ணங்களாகத் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் கேட்டார். தேய்ந்ததை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அப்பா ஆபீசுக்குப் போய்விட்டார். எது தேய்ந்தது என்று பார்ப்பதற்கெல்லாம் மாமாவுக்குப் பொறுமை ஏது? அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தட்டு ஒவ்வொன்றையும் இடுக்கியால் முக்கி, அது துவண்டதும் பூஜாடி அச்சின்மேல் போட்டுத் துணியால் அழுத்தினார். விளிம்பெல்லாம் அலை அலையாக, கறுப்புப் பளபளப்பில் கிண்ணங்கள் வந்துகொண்டே இருந்தன. நடுவில் ஒட்டியிருந்த காகிதங்கள் வெந்நீரில் கழன்று மிதந்தன. நான் கிண்ணங்களைத் துடைத்து வரிசையாக வைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. ஒரு கிண்ணத்தில் மட்டும் உள்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக ஆழமான கீறல்கள். யாரோ ஆணியால் கிழித்த தட்டு என்று முகம் சுளித்து, அதை என்னிடமே விளையாடக் கொடுத்துவிட்டார் மாமா.

அம்மா வந்து வெறும் காக்கி உறையை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். உள்ளே கையை விட்டும் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டேய், இதுல இருந்தது எங்கடா?"

மாமா கிண்ணங்களைக் காட்டினார். அவருக்கும் அப்போதுதான் முகம் வெளுத்தது.

எது அத்தையின் தட்டு என்று கண்டுபிடிக்க இருவரும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒருமுறைகூட ஓட்டாத தட்டு புதுசாகத்தானே இருக்கும் என்றாள் அம்மா. ஆகவே இருப்பதிலேயே பளபளப்பான கிண்ணத்தை எடுத்துத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். என் கையிலிருந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சட்டையைக்கூடக் கழற்றாமல் மாமாவிடம் சொன்னார்: "எங்க அக்கா கண்ணுல தண்ணி வந்துச்சுன்னா, அதுக்கப்புறம் இந்த வூட்ல உனக்கு எடமில்ல. பொட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட வேண்டியதுதான்."

தம்பிக்காக அம்மா வாய் திறப்பாள் என்று பார்த்தேன். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக மாமாவுக்கு வேறு வீடு கிடையாது. அது எனக்கும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் அத்தை வருவதாக இருந்தது. விடிந்ததும் மாமா வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, தன் புதுத் தட்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அழுது அடம்பிடித்து நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். மங்கலம்பேட்டையில் கல்யாணங்களுக்கு மைக்செட் கட்டும் பாய் ஒருவரிடம் பழைய தட்டுகள் நிறைய உண்டு என்று கேள்வி. பாடியவர் பெயரை மாமா சொன்னதுமே பாய்க்குத் தெரிந்துவிட்டது. தேடக்கூட இல்லை, மேலாகவே இருந்தது.

"இத எப்பிடி தம்பி குடுக்கறது? கல்யாணத்துக்குப் போனா பெருசுங்க இதத்தான் கேக்கறாங்க. பாதி பாட்டுல ரெண்டு பேரும் சிரிப்பாங்க பாருங்க, அதுக்காகவே திரும்பத் திரும்ப வெக்கச் சொல்றாங்க."

மாமா பையைக் கவிழ்த்தார். அத்தனை புதுத் தட்டுகளும் மேஜைமேல் சரிந்தன. பாய் அவற்றைப் பார்த்தார், மாமாவின் முகத்தையும் பார்த்தார். பிறகு பழைய தட்டைத் துடைத்து என் மடியில் வைத்து, "பாப்பா, கெட்டியா புடிச்சுக்க" என்றார். வழியெல்லாம் நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய் வந்தது. பாதி வழியில் மாமா சீட்டியடிக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அத்தையின் செருப்பு கிடந்தது. நாங்கள் பின்பக்கமாக நுழைந்தோம். அம்மா தட்டை வாங்கி உறைக்குள் நுழைக்கவும், கூடத்திலிருந்து அத்தையின் குரல் வரவும் சரியாக இருந்தது.

"என் பொட்டியில இருந்தத எங்க வெச்சீங்க?"

அம்மா உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தை தட்டை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். விரலை மெல்ல அதன்மேல் ஓட்டினாள்.

"இது என்னோடது இல்ல."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா விட்டிருக்கலாம். ஆனால் பயந்தவனுக்கு வாயும் கையும் சும்மா இருக்குமா? "அதேதாங்க்கா, நீங்களே கேட்டுப் பாருங்க" என்று தட்டை வாங்கி, இதுவரை யாரும் தொடாத அந்த விசையைத் திருப்பி ஊசியை வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் முதல்முறையாக அந்தக் குரல் கேட்டது. நல்ல குரல். அவர் ஒரு வரி பாட, ஒரு பெண் அடுத்த வரியைப் பாடினாள். அதில் ஒரு பெண்ணும் பாடியிருக்கிறாள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நிறுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. பாய் சொன்னபடியே பாதிப் பாட்டில் இருவரும் சிரித்தார்கள். அவர் நிறுத்திய பிறகும் அவள் கொஞ்சம் சிரித்தாள். அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டாள். பாட்டு முடிந்து ஊசி வெறுமனே கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க கெடச்சுது?"

"மங்கலம்பேட்டையில, மைக்செட்டு பாய்கிட்ட."

"கல்யாணத்துல எல்லாம் வெக்கறாரா?"

நல்ல சேதி சொல்வதாக எண்ணிக்கொண்டு மாமா சொன்னார்: "ஆமாங்க்கா. பெருசுங்க திரும்பத் திரும்ப கேக்கறாங்களாம்."

அத்தையின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் துடைக்கக்கூட இல்லை. மாமா உள்ளே போய்த் தன் பெட்டியை இழுத்தார். அது தரையில் உரசும் சத்தம் கேட்டதும் நான் ஓவென்று அழுதேன்.

"எங்க போற?" என்றாள் அத்தை, கூடத்தில் வரிசையாக இருந்த கறுப்புக் கிண்ணங்களைப் பார்த்தபடி. "பொட்டிய வெச்சுட்டு அண்டாவுல தண்ணி காய வை. இதையும் கிண்ணமா போட்டுடு."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்ன செய்வார், அக்கா சொன்னால் சொன்னதுதான். அண்டா அடுப்பேறியது. அம்மா அரிசிப் பானையிலிருந்து பளபளப்பான கிண்ணத்தை எடுத்து வந்து, "மன்னிச்சிடுங்க அண்ணி, உங்களோடது இதுதான்" என்று நீட்டினாள். இல்லை என்று அத்தை தலையசைத்தாள். அவள் பார்வை கூடத்தைச் சுற்றி வந்து, புளியங்கொட்டைகளைப் போட்டு நான் வைத்திருந்த கிண்ணத்தில் நின்றது. கொட்டைகளை என் பாவாடையில் கொட்டிவிட்டு அதை எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கீறல்களின்மேல் அவள் விரல் போவதும் வருவதுமாக இருந்தது. போயும் போயும் கெட்டுப்போன கிண்ணம் அத்தைக்குக் கிடைத்ததே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது.

"மாமாகிட்ட சொல்லி, சூடு காட்டி அந்தக் கீறலையெல்லாம் எடுத்துடச் சொல்லட்டா அத்தை?"

"வேணாம்டி, இருக்கட்டும்" என்றாள் அத்தை. "அதக் கீறவே எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு."

உயிரையே வைத்திருந்த தட்டை யாராவது தாங்களே கீறுவார்களா? அழுததில் அத்தை ஏதோ உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, கொட்டைகளை மடியில் கட்டியபடி, அண்டாவில் அடுத்த தட்டு துவளுவதை வேடிக்கை பார்க்க ஓடினேன்.