சரிவு பார்த்து நிறுத்துகிறவன்

மதுரையில் எங்கெங்கே ரோடு சரிவாக இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள். கோரிப்பாளையத்தில் பாலம் இறங்குகிற இடம், தல்லாகுளத்தில் எங்கள் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் சந்து, விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் மாவு மில் வாசல், எல்லாம் எனக்கு மனப்பாடம். மற்றவர்கள் நிழல் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். நான் சரிவு பார்த்து நிறுத்துவேன்.

காரணம், என் காரின் பேட்டரி. அது இரண்டு பேரிடம் ஓடிக் களைத்து மூன்றாவதாக என் கைக்கு வந்த வெள்ளைக் கார். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அத்தோடு சரி. சரிவில் நிறுத்தியிருந்தால் பிரச்சினை இல்லை. பிரேக்கை விட்டால் தானாக உருளும், இரண்டாவது கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டால் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பேட்டரியை மாற்றச் சொல்லி மெக்கானிக் அண்ணன் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. சரிவு இருக்கும்போது பேட்டரி எதற்கு என்று இருந்துவிட்டேன். சோம்பேறித்தனத்துக்கு நான் வைத்திருந்த பெயர் சாமர்த்தியம்.

பேட்டரி மட்டும் என்றால் பரவாயில்லை. பின்பக்கத்து இடது கதவு வெளியிலிருந்து திறந்தால்தான் திறக்கும். மழை பெய்தால் என் இடது முழங்காலில் மட்டும் சொட்டும். ஒருநாள் தல்லாகுளம் சிக்னலில் ஹாரன் மாட்டிக்கொண்டு, பச்சை விழுந்து மறுபடி சிவப்பு விழும்வரை அலறியது. சுற்றி நின்ற பைக்காரர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்க, யாரையோ தேடுகிறவன் மாதிரி நானும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்படிப்பட்ட ஆள் நான். அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

என் தங்கையை அவனியாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்பா இல்லாததால் வீட்டுக்கு ஆம்பளை என்று நான்தான் நின்றேன். கல்யாணம் பேசப் போனபோது நாங்கள் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில் ஒரு அம்மா, "பொண்ணு வீட்டுக்காரங்க ஷேர் ஆட்டோலயா வந்தாங்க?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் சாதாரணமாகக் கேட்டிருக்கலாம். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இந்தக் காரை நான் வாங்கியதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

தங்கையின் மாமனார் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அதிகம் பேச மாட்டார். தெருவில் யாராவது வண்டியைச் சும்மா ஓடவிட்டு நின்று பேசிக்கொண்டிருந்தால் மட்டும் அவரால் தாங்க முடியாது, எழுந்து போய் நிறுத்தச் சொல்லிவிட்டு வருவார். மாமியார் அதற்கு நேர்மாறு. வாய் ஓயாது, ஆனால் மனசில் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார்.

தங்கைக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்தார்கள். வளைகாப்பு முடிந்த கையோடு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். இரண்டு நாளுக்கு முன்னால் அவள் போன் செய்து, "அண்ணே, வாடகை கார் எடுத்துட்டு வா. உன் வண்டிய நம்பி என்னைய ஏத்தாத" என்றாள். அவள் வீட்டுக்காரரும் நண்பரின் காரைக் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சொந்தக் கார் இருக்கும்போது எதற்கு என்று இரண்டு பேரிடமும் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

எங்கள் வகையறாவில் இதற்கு ஒரு முறை உண்டு. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குக் கிளம்பும் பெண் 'போயிட்டு வாரேன்' என்று யாரிடமும் சொல்லக் கூடாது. அவள் பாட்டுக்கு எழுந்து நடந்து வண்டியில் ஏறிவிட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. புகுந்த வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்து வழியனுப்பக் கூடாது. வண்டிச் சத்தம் தெரு முனை தாண்டும்வரை எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். யாராவது வெளியே வந்துவிட்டால் பிரசவம் சிக்கலாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம்புகிறோமோ இல்லையோ, பிள்ளைத்தாய்ச்சி விஷயத்தில் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

அன்று காலையில் வண்டியை அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தாமல் தெரு முனையில் கண்மாய்க் கரை மேட்டில் நிறுத்தினேன். ஏன் அம்புட்டு தூரத்தில் என்று மாமியார் கேட்டதற்கு, பந்தலுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்றேன். வளையல் அடுக்கி, ஏழு வகைச் சோறும் சாப்பிட்டு முடிய நாலு மணி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் கிளம்பியாக வேண்டும். வண்டியை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு அவளைக் கண்மாய்க் கரைவரைக்கும் நடக்கவா சொல்ல முடியும்? மேட்டிலிருந்து உருட்டி, இன்ஜினைப் பிடிக்கவைத்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். சமதளம். ஆஃப் பண்ணவில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஏறும்போது உள்ளே குளுகுளு என்று இருக்கட்டும், ஏசி ஓடட்டும் என்று எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட்டு, பைகளை எடுக்க உள்ளே போனேன்.

என் அம்மா ஒரு பையைத் தேட ஆரம்பித்தார். அது முடிய பத்து நிமிஷம். நான் வெளியே ஓடிவந்தபோது வாசல் அமைதியாக இருந்தது. தங்கையின் மாமனார் எதிரே வந்து, வெற்றிலை பாக்கு கொடுக்கிற மாதிரி என் உள்ளங்கையில் சாவியை வைத்தார். "சும்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு மாப்ள. பெட்ரோலு வீணாப் போகுதுல்ல" என்றார்.

அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'மாமா, பேட்டரி செத்த வண்டி, தள்ளணும்' என்று சொன்னால் முடிந்தது. தங்கை இன்னும் எழுந்திருக்கக்கூட இல்லை. வீட்டில் இருந்த ஆம்பளைகள் எல்லாம் வந்து சிரித்துக்கொண்டே தள்ளி, வண்டி பிடித்த பிறகு அவளை ஏற்றியிருக்கலாம். நானோ, "அதனால என்ன மாமா" என்றேன். இம்புட்டு நேரம் ஓடியதில் கொஞ்சம் சார்ஜ் ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தங்கை முறைப்படி எழுந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல், கை நிறைய வளையல் குலுங்க, வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். அம்மாவும் இரண்டு அத்தைகளும் பின்னால் ஏறினார்கள். வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே முப்பது பேர் வண்டிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சாவியைத் திருப்பினேன்.

டிக்.

மறுபடியும் திருப்பினேன். டிக். ஐந்து தடவை, ஆறு தடவை. திறந்திருந்த ஜன்னலுக்கு உள்ளே யாரோ ஒரு குழந்தை, "வண்டி போகல" என்றது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். அம்மாவும் அத்தைகளும் இறங்கி, பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளிப் பார்த்தார்கள். மணலில் டயர் அசைந்து கொடுத்ததே தவிர உருளவில்லை. உதவிக்கு யாரும் வெளியே வர முடியாது, தங்கை இறங்கி உள்ளே திரும்பவும் முடியாது. மணி நாலு இருபது. என் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அதைச் சொன்னேன். ஜன்னலுக்குள் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"நல்லா ஓடிக்கிட்டு இருந்த வண்டி. யாரு ஆஃப் பண்ணச் சொன்னது? கண்டவங்க கை வச்சா இப்படித்தான் ஆகும்."

தங்கை என் பக்கம் திரும்பாமல், "அண்ணே, வேணாம்" என்றாள். வீட்டுக் கதவு திறந்தது. "ஏங்க, போகாதீங்க, வெளிய போகாதீங்க" என்று மாமியார் உள்ளேயிருந்து கத்தினார். அதற்குள் மாமனார் வந்துவிட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, என் கதவுப் பக்கம் குனிந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என் தப்புதான் மாப்ள. ஓடுற வண்டிய நான்தான் நிப்பாட்டிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவது கியர்ல போட்டுக்கோ. நான் சொல்லும்போது கிளட்ச்ச விடு" என்றார்.

மூன்றாவது தள்ளலில் இன்ஜின் பிடித்தது. அம்மாவும் அத்தைகளும் ஓடிவந்து ஏறிக்கொண்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன். புகைக்கு நடுவில் அவர் முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டி நின்றுவிடுமே என்று சாக்கு சொல்லிக்கொண்டு மிதித்துப் போய்விட்டேன்.

பைபாஸ் ரோடு வந்ததும் தங்கை பேசினாள். 

"அவரு மேலயா பழி போட்ட? அந்த வீட்லதான் அண்ணே நான் போய் வாழணும்."

இன்று இரவே அவரிடம் போனில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன், அப்புறம் நேரில் பார்க்கும்போது சொல்லலாம் என்று இருந்தேன். தங்கை இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அந்தச் சோறு இறங்காது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

பிரசவ வலி கண்டு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், வாடகை காரில்தான். காலையில் போனவளுக்குச் சாயந்திரம் ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை. டாக்டர், தலைப்பிள்ளைக்கு இப்படித்தான் இருக்கும் என்றார். வராந்தாவில் மாமியார் அழுதுகொண்டே புருஷனைப் பிடித்துக்கொண்டார். "முறை தெரிஞ்ச மனுஷன்தான நீங்க? அன்னைக்கு எதுக்கு வெளிய வந்தீங்க? சாவியத் தொடாம இருந்தா இந்தப் பாடு உண்டா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.  அவர் சுவரில் சாய்ந்து, கையில் இருந்த ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். வாயில் கொழுக்கட்டை. எழுந்து, எல்லோருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே போனேன்.

நான் டீயோடு திரும்பி வந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். எனக்கு அழுகை வந்தது. பார்த்தவர்கள் தாய்மாமன் பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

குழந்தை பிறந்த ஐந்தாம் மாதம் தங்கையையும் பிள்ளையையும் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அன்று காலையில் தங்கையின் மாமனார் எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். இரண்டு கையாலும் ஒரு கனமான கட்டைப்பையைத் தூக்கி வந்து காரின் முன்னால் வைத்தார். உள்ளே புது பேட்டரி.

"பச்சப்புள்ள வர்ற வண்டி. வழியில நிக்கக் கூடாது" என்றார். ஸ்பேனரும் அவரே கொண்டுவந்திருந்தார். பானட்டைத் திறந்து, பழையதைக் கழற்ற ஆரம்பித்தார்.  இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"மாமா, அன்னைக்கு நீங்க ஆஃப் பண்ணுனதால இல்ல. இது முன்னாடியே..."

அவர் நிமிரவில்லை. நட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "தெரியும் மாப்ள. முப்பது வருஷம் வண்டி ஓட்டுனவனுக்கு பேட்டரி செத்த சத்தம் தெரியாதா?"

"அப்புறம் ஏன் மாமா..."

"உன் தங்கச்சி வாழுற வீடு. அவ அண்ணன் எங்க மேல பொய்யாப் பழி போட்டான்னு ஆயிட்டா, நாளைக்குப் பேச்சுக்குப் பேச்சு அவளத்தான் குத்துவாங்க. நான் நிப்பாட்டுனேன்னே இருந்துட்டுப் போகட்டும். எனக்கென்ன." கழற்றிய பேட்டரியை ஓரமாக வைத்து, புதியதை மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "போட்டுப் பாரு" என்றார்.

தொட்டவுடன் பிடித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பெட்ரோல் வீணாகிறது என்று அவர் அன்று சொல்லவில்லை.

மதியம் அவனியாபுரம் போய்ச் சேர்ந்தோம். முதல் தடவையாக வண்டியை அவர்கள் வீட்டு வாசலிலேயே, சமதளத்தில் நிறுத்தி, ஆஃப் பண்ணினேன். வாசலில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். மாமியார் ஆரத்தி சுற்றிப் பேத்திக்குப் பொட்டு வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, சாவியப் பத்திரமா வச்சுக்கங்க. எங்க வீட்டு மனுஷன் கை பட்டா ஓடுற வண்டியும் நின்னுரும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஷேர் ஆட்டோ அம்மாவும் சிரித்தார். மாமனாரும் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயால் நானும் சிரித்தேன்.

தங்கை மட்டும் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.