பெயர் போட முடியாத செலவு

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் புதுக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கச் சுவரில் ஒரு கருங்கல் பலகை தெரியும். யார் யார் எதற்குக் கொடுத்தார்கள் என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். லிஃப்ட், ஜெனரேட்டர், ஏசி, மேடைத் திரை, மைக் செட், வாட்டர் கூலர். என் பெயர் அதில் கிடையாது. நாங்கள் கொடுத்தது சில நாற்காலிகள். நாற்காலி கொடுத்தவர்கள் கல்லில் ஏறுவதில்லை, நாற்காலியின் முதுகிலேயே எழுதிவிடுவார்கள். ஆனாலும் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கும்போதெல்லாம் எனக்குக் கர்வம் தலைக்கேறும். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டடங்களுக்கு வேண்டிய மின்சாரம், ஏசி, தண்ணீர், தீயணைப்பு ஏற்பாடுகளை வடிவமைத்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மதுரையில் படித்தவள். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து ஜனக்புரியில் குடியேறி, கோபம் வந்தால் ஹிந்தியில் திட்டும் அளவுக்கு ஊரோடு ஒட்டிப் போனவள். என் தொழிலில் எந்த எஸ்டிமேட்டை எடுத்தாலும் கடைசியில் ஒரு வரி இருக்கும். கட்டி முடித்த பிறகு, கட்டியவர்களோடு சம்பந்தமில்லாத ஒருவரை வரவழைத்து, எல்லா இயந்திரங்களையும் ஒன்றாக ஓடவிட்டு, கரண்டை நிறுத்தி, புகை போட்டு, சொன்னது சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பதற்கான செலவு அது. பணம் இடித்தால் முதலில் வெட்டப்படுவதும் அந்த வரிதான். மார்பிளை மட்டும் ஒருத்தரும் வெட்ட மாட்டார்கள். ஆபீஸில் அந்த வரிக்காக நான் போட்ட சண்டைகளில் தோற்றதுதான் அதிகம். அப்படி நான் தோற்ற கட்டடங்களுக்கு விருந்தாளியாகப் போக நேர்ந்தால் மாடிப்படியில்தான் ஏறுவேன். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொள்வேன்.

சங்கம் சொந்தக் கட்டடம் கட்டுவது என்று முடிவானதும் என்னைக் கமிட்டியில் போட்டார்கள். மனை சின்னது. அதனால் விழா மண்டபத்தைத் தரைக்குக் கீழே பேஸ்மென்டில் வைத்துவிட்டு, மேலே தமிழ் வகுப்பு, பாட்டு வகுப்பு என்று அடுக்கினோம். திறப்பு விழாவன்று அந்த மண்டபத்தில் என் மகளின் நடனப் பள்ளிதான் முதல் நிகழ்ச்சி என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது. ஜன்னலே இல்லாத ஒரு மண்டபம், அதற்குள் சில நூறு பேர், மேடையில் என் பெண். வரைபடத்தைப் பார்த்த முதல் நாளே என் மனசு அங்கே போய் நின்றுவிட்டது.

எங்கள் தலைவர் தணிக்கைத் துறையில் பெரிய பதவியிலிருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பட்ஜெட் போடும் முறை எளிமையானது. சுவரும் கூரையும் சங்கத்தின் பொது நிதியில். அதற்குள் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள் எல்லாம் உபயம். ஒரு பட்டியல் எழுதி ஒட்டினார். வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். லிஃப்ட் ஒரே நாளில் போயிற்று. ஏசிக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். வாட்டர் கூலருக்குச் சண்டையே வந்தது. கடைசியில் ஒரே ஒரு வரி ஆளில்லாமல் நின்றது.

"மேடம், எல்லாத்துக்கும் ஆள் வந்தாச்சு. உங்க டெஸ்டிங் மட்டும் அப்படியே நிக்கறது" என்றார் தலைவர். "பொங்கல் விழாவுக்குள்ள யாராவது எடுத்துண்டா சரி. இல்லேன்னா அடிச்சுடுவேன். பொது நிதியில துளிகூட மிச்சமில்லை. அதான் கான்ட்ராக்டரே டெஸ்ட் பண்ணித்தானே குடுப்பான்?"

"தன் பேப்பரத் தானே திருத்திக்கிட்டா எல்லாரும் ஃபர்ஸ்ட் கிளாஸ்தான் சார். ஆடிட்ல இருந்த உங்களுக்கா நான் சொல்லணும்?"

அவர் சிரித்தார். "வாஸ்தவம். ஆனா ஆடிட்டுக்கு கவர்மென்ட் சம்பளம் குடுத்துது. இதுக்கு யார் குடுப்பா?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் கத்தினேன். அவர் என்ன செய்வார், பாவம், நாற்காலிக்கு ஏற்கெனவே செக் எழுதிவிட்டார்.

லிஃப்ட் கொடுத்தவர் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அப்பளம், நல்லெண்ணெய், காப்பித்தூள் எல்லாம் அவர் கடையில்தான் வாங்குவேன். தாராளக் கை. முதலில் அவரிடம்தான் போனேன்.

"லிஃப்ட்டு குடுத்திருக்கேம்லா தங்கச்சி" என்றார். "லிஃப்ட்டுல பேரு போட்டா ஏறுதவன் எறங்குதவன் அத்தன பேரும் பாப்பான். டெஸ்டிங்குல பேர எங்கன போடுவிய?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சாம்பார் பொடியை வாங்கிக்கொண்டு மெட்ரோ ஏறினேன்.

அன்று சாயங்காலம் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட், இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நானும் சாம்பார் பொடியும். போனில் சிக்னல் இல்லை. கண்ணுக்கு நேரே, லிஃப்டை விற்ற கம்பெனியின் பெயர் எவர்சில்வர் தகட்டில் பளபளத்தது. வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து கதவை நெம்பித் திறப்பதற்குள் அந்தப் பெயரையும் அதன் ஏழு தலைமுறையையும் இரண்டு மொழிகளில் திட்டித் தீர்த்துவிட்டேன். வெளியே வந்து மூச்சு வாங்கும்போது எனக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. வாட்ச்மேன் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அண்ணாச்சி கடை.

"அண்ணாச்சி, லிஃப்ட்ல உங்க பேரு உள்ளயா, வெளியவா?"

"உள்ளதான். கண்ணாடிக்கு மேல. எதுக்குக் கேக்கிய?"

"நடுவுல நின்னுருச்சுன்னா உள்ள மாட்டிக்கிட்டவங்க எதப் படிச்சுக்கிட்டு இருப்பாங்க? யார் பேரச் சொல்லி வைவாங்க?"

துவரம்பருப்பு அள்ளிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "ஏ, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுதிய" என்றார். பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டினார். பிறகு, "சரி, நம்ம லிஃப்ட்டுக்கு எம்புட்டு ஆவும்?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் எனக்கு வழி தெரிந்துவிட்டது. டெஸ்டிங்குக்கு என்று தனி வரி இருந்தால்தானே அனாதையாக நிற்கும்? அதை உடைத்து ஒவ்வொரு சாமானின் விலைக்குள்ளும் சேர்த்துவிட்டேன். ஜெனரேட்டர்காரரிடம், கரண்ட் போய் இருட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் யாரை நினைக்கும் என்று கேட்டேன். ஏசிக்காரரிடம், ஜூன் மாதத்தில் பேஸ்மென்டில் வியர்த்து வழிகிறவர்கள் எந்தப் பெயரைப் பார்த்து விசிறிக்கொள்வார்கள் என்று கேட்டேன். பெயருக்காகக் கொடுத்தவர்கள் பெயரைக் காப்பாற்றவும் கொடுத்தார்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. நல்ல பெயர் வேண்டும் என்று நினைப்பது நல்ல குணம்தான்.

ஆனால் ஒரு கட்டடத்தில் பெயர் போட முடியாத சாமான்களும் இருக்கின்றன. தீயணைப்புப் பம்ப், எர்த்திங், பேஸ்மென்டின் காற்றையும் தீப்பிடித்தால் புகையையும் வெளியேற்றும் பெரிய ஃபேன். எல்லாம் கூரைக்கு மேலேயும் தரைக்குக் கீழேயும் ஒளிந்திருப்பவை. பொது நிதியில் வாங்கியதால் அவற்றுக்கு உபயதாரர் இல்லை. என் மனசில் முதலிடம் அந்த ஃபேனுக்குத்தான். அதனால் ஒவ்வொரு சாமானும் எதை நம்பி ஓடுகிறதோ அதன் டெஸ்டிங் செலவையும் அந்தச் சாமானோடு சேர்த்தேன். லிஃப்ட் ஜெனரேட்டரை நம்பி இருக்கிறது, ஜெனரேட்டர் எர்த்திங்கை நம்பி இருக்கிறது, ஏசி போட்டு மூடிய மண்டபம் அந்த ஃபேனை நம்பி இருக்கிறது. கணக்கு அழகாக வந்தது.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். "லிஃப்டுக்கு இவ்வளவு ஆகாதே. பேர் இல்லாத ஐட்டமெல்லாம் இதுக்குள்ள ஒளிஞ்சுண்டிருக்கு."

"ஒளியல சார். கீழ எழுதியிருக்கேன், பாருங்க."

"எழுதியிருக்கேள். சின்ன எழுத்துல."

எனக்குக் காது சூடாயிற்று. "சார், எம்பொண்ணு பேஸ்மென்ட்ல ஆடப் போறா. உங்க பேரன் அங்கதான் பாடப் போறான். லிஃப்ட மட்டும் பாத்துட்டு, புகை போற வழியப் பாக்காமக் கதவத் தொறக்கணும்னா கமிட்டியில இருந்து என்னை எடுத்துடுங்க. நான் கௌரவமாப் போயிடுறேன்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "எழுத்தப் பெரிசு பண்ணி ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல வையுங்கோ. யாராவது ஆட்சேபிச்சா நான் பேசிக்கறேன்" என்றார்.

ஆட்சேபம் வந்தது. தலைவர் எழுந்திருப்பதற்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டிப் பாத்துருவோம். நாளைக்கு நம்ம பேரு நாறப்பிடாது" என்றார். பொங்கலுக்கு முன்னாலேயே பணம் முழுவதும் வந்து சேர்ந்தது.

டெஸ்டிங் நாளன்று ஃபரீதாபாத்திலிருந்து பரிசோதனை செய்பவர் வந்தார். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வாசலிலேயே என்னை மடக்கி, "மேடம்ஜி, சப் ஓகே ஹை. ஏக் ஏக் கர்கே தேக் லியா" என்றார். ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று, எல்லாம் சரி என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

மண்டபத்தில் புகை மெஷினை வைத்தார்கள். கரண்ட் இருக்கும்போது ஃபேன் புகையை மேலே இழுத்து வெளியே அனுப்பியது. சூப்பர்வைசர் கைகட்டி நின்று சிரித்தார். பிறகு மெயினை நிறுத்தினார்கள். இருட்டு. வெளியே ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் வந்தன, லிஃப்ட் சமர்த்தாகக் கீழே வந்து கதவைத் திறந்துகொண்டது. வேடிக்கை பார்க்க வந்த அண்ணாச்சி கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டார். அப்போதுதான் பார்த்தோம். மண்டபத்தில் புகை மேலே போகவில்லை. ஃபேனுக்குப் போகும் பாதையை மூடியிருந்த கூரைக் கிரில் வழியாகக் கீழே இறங்கி எங்கள் முகத்தில் அடித்தது.

ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரிலிருந்து அதற்கென்று தனியாக வரும் கேபிளில் இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்தன. கரண்டில் ஓடினால் சரி, ஜெனரேட்டரில் ஓடினால் தப்பு. தீப்பிடித்தால் முதல் வேலையாக மெயின் கரண்டைத்தான் நிறுத்துவார்கள். அப்புறம் அந்த ஃபேனுக்கு ஜெனரேட்டரை விட்டால் கதியில்லை. அதற்கு வேலை வரும் அந்த ஒரே நாளில், அது வெளியேற்ற வேண்டிய புகையை உள்ளே இருப்பவர்கள் மேல் ஊதியிருக்கும்.

மேடை காலியாக இருந்தும் எனக்கு அங்கே ஒருத்தி சலங்கையோடு நிற்பதாகவே தெரிந்தது. அடுத்த நிமிஷம் சூப்பர்வைசரிடம் நான் பேசிய ஹிந்தியை இங்கே எழுத முடியாது. வயர்களை மாற்றிப் போட ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆயிற்று. மறுபடி மெயினை நிறுத்திப் பார்த்தோம். புகை ஒழுங்காக மேலே போயிற்று. தலைவர் என் பக்கத்தில் வந்து நின்று, தலையை அண்ணாந்து கிரில்லைப் பார்த்தபடி, "பேர் இல்லாத ஐட்டம்" என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் மெட்ரோவில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பயமும் பெருமையும் சேர்ந்து வந்த அழுகை அது, எது எவ்வளவு என்று தெரியாது.

திறப்பு விழா நல்ல வெயில் காலத்தில் வந்தது. மண்டபம் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள். மேடை ஓரத்தில் நடராஜர் சிலைக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்ற என்னிடம் வந்து அனுமதி கேட்டார்கள். சூடம் கூடாது, ஊதுபத்தி பரவாயில்லை என்றேன். எல்லோரும் என்னைக் கண்டு அவ்வளவு பயந்துபோயிருந்தார்கள்.

என் மகள் ஆடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஏசியின் இரைச்சல் நின்றது. மேடை விளக்குகள் யூபிஎஸ்ஸில் ஓடுவதால் கண் சிமிட்டக்கூட இல்லை. ஆனால் என் காதுக்குத் தெரியும், கரண்ட் போய்விட்டது. இரண்டு மூச்சு விடுவதற்குள், வெளியே எங்கோ ஜெனரேட்டர் சத்தம். நான் ஊதுபத்தியைப் பார்த்தேன். மெல்லிய புகை கொஞ்சம் தயங்கிவிட்டு, நிமிர்ந்து, கூரையின் கிரில்லை நோக்கி நேராகப் போயிற்று. முன்வரிசையில் தலைவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற அத்தனை பேரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். மகள் சலங்கையை அவிழ்த்தபடியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ என்னையே பாக்கல. சைடுல ஊதுபத்தியப் பாத்துட்டிருந்த. நான் ஸ்டேஜ்லேர்ந்து பாத்தேன்."

"ரெண்டையும்தான் பாத்தேன். நடுவுல கரண்ட் போச்சுல்ல, அதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பிஜ்லி போச்சா? கப்?" கரண்ட் எப்போது போனது என்று கேட்கிறாள், போனதே அவளுக்குத் தெரியவில்லை.

அவளைப் பக்கத்தில் இழுத்து, நெற்றிச்சுட்டியைக் கழற்றிக்கொண்டே, "என்ன கேட்ட? இன்னொரு தடவ கேளு" என்றேன்.